ஆதார் எண் 'சரி' என்று வந்தால் போதுமா?

கோத்தகிரியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சீசன் தொடங்கினால் காட்டேஜ்காரர்கள் பலர் அறை கேட்டு வந்தவரின் ஆதார் நகலோடு வருவார்கள். "ஏதோ ஒரு சைட்ல போட்டுப் பாத்தேங்க, சரியான நம்பர்னுதான் வருது" என்பார்கள். அந்தச் 'சரி'யை நம்பி யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள்.

ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டுச் சேர்க்கப்படும் சரிபார்ப்பு இலக்கம். தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஏடிஎம் கார்டு எண்களிலும் இப்படியொரு இலக்கம் உண்டு. அதைக் கணக்கிடுவது லூன் முறையில். 1960-இல் காப்புரிமை பெற்றது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் பிடித்துவிடும். ஆனால் 09 என்பதை 90 என்று அடித்தால் கோட்டை விட்டுவிடும். ஆதாரில் இருப்பது டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-இல் தந்த முறை. ஓர் ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் வைக்க பத்து வழிகள் உண்டு. 0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களுக்கும் ஆளுக்கொரு வழி. எண்ணின் வரிசைப்படி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் கணக்கு. சுழற்றிவிட்டுப் புரட்டினால் ஒரு விடை, புரட்டிவிட்டுச் சுழற்றினால் வேறு விடை. இப்படி வரிசைக்கே மதிப்பு இருப்பதாலும், இலக்கம் நிற்கும் இடத்துக்கேற்ப அதற்குரிய வழியை மாற்றி வைப்பதாலும்தான், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்று விடாமல் பிடிபடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு தீராத கணக்கு இது.

சரி, இந்தச் சோதனையில் தேறும் எண்கள் எத்தனை? ஆதார் 0, 1-இல் தொடங்காது. அப்படியானால் முதல் இலக்கத்துக்கு எட்டு வாய்ப்பு, அடுத்த பத்துக்கும் தலா பத்து, கடைசிக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் 8,000 கோடி. நம் மக்கள்தொகையோ 140 கோடியை ஒட்டி. தேறும் எண்களில் நூற்றுக்கு இரண்டுக்குக்கூட ஆள் கிடையாது! வாய்க்கு வந்த பதினொரு இலக்கத்தை எழுதி, கடைசியைக் கணக்கிட்டுச் சேர்க்க எந்த மோசடிக்காரனுக்கும் ஒரு நிமிடம் போதும். முன்பின் தெரியாத தளத்தில் அடுத்தவர் ஆதாரை அடிப்பது வேறு ஆபத்து.

நம்ப வேண்டியது அட்டையிலுள்ள க்யூஆர் குறியீட்டை. அதில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அதன் அடிப்படை, இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த, சுமார் 617 இலக்கமுள்ள ஒரு முழு எண். பெருக்கல் விடை யாருக்கும் தெரியலாம். கையொப்பமிட அந்த இரண்டு பகா எண்கள் வேண்டும். இதே வகையில் சவாலாக விடப்பட்ட 250 இலக்க எண்ணை அதன் இரண்டு பகா எண்களாகப் பிரிக்கவே 2020-இல் ஏராளமான கணினிகளை ஓடவிட வேண்டியிருந்தது.

ஆகவே ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். பெயரில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. ஆனால் இன்னொருவரின் க்யூஆரை அப்படியே எடுத்துப் போலி அட்டையில் ஒட்டியிருக்கலாம். அதற்குக் கணக்கு காவல் நிற்காது. செயலியில் தெரியும் படத்தையும் பெயரையும், எதிரே நிற்பவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையில் அச்சான படத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.