வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தால் காப்பீடு கைகொடுக்குமா?

வடசென்னையில் காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் யாருக்காவது இதய வால்வில் கிருமித்தொற்று என்று சொல்லி ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சேர்த்தால், வீட்டார் முதலில் கேட்பது ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். இதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பழைய நோய் என்று சொல்லித் தள்ளமாட்டார்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன வால்வாக இருந்தாலும் சரி.

ஆனால் இந்த நோயில் வால்வை மாற்றியதோடு எல்லாம் முடிந்துவிடாது. தொற்று அரித்த இடத்தில் தையல் சரியாகப் பிடிக்காமல் புது வால்வின் ஓரத்தில் ரத்தம் கசியலாம். துடிப்பைக் கடத்தும் தசையிழை பாதிக்கப்பட்டால், துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டிவரும். சிறுநீரகம் தளர்ந்து டயாலிசிஸ் வரை போவதும் உண்டு. ரத்தக்கசிவை நிறுத்த மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். இதற்கெல்லாம் தனியாகப் பணம் கட்டவேண்டுமோ என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகையை எண்ணுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

2018 முதல் நம் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. அந்தத் திட்டத்தின் விதிப்படி, சிகிச்சையின்போது வரும் சிக்கல்களும், வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான தொடர் கவனிப்பும் பேக்கேஜுக்குள்ளேயே, அதாவது அந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு தரும் மொத்தத் தொகைக்குள்ளேயே வரும். தனியார் மருத்துவமனையில் கூடுதலாகக் கேட்டால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் மாதிரி புதிய சிகிச்சை தேவைப்பட்டால், அதற்குக் காப்பீட்டு ஒப்புதல் கேட்டார்களா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் விசாரியுங்கள். பதில் சரியில்லையா, 1800 425 3993-க்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டிலேயே இருக்கும், அங்கேதான் பலருக்கும் தடங்கல் வருகிறது. இந்தத் தொற்றுக்கு 4 முதல் 6 வாரம் ரத்தநாளம் வழியாக மருந்து ஏற்றுவார்கள். ஆனால் ஆபரேஷன் எந்த நாளிலும் அவசரமாகலாம், அதனால் சேர்த்த அன்றே ஒருவர் இந்த வேலைக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

அப்புறம், வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அதைப் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். நேராக ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள்.