மொத்தம் நிற்கும், ஒவ்வொன்றும் ஆடும்

இனங்கள் பெருகினால் இயற்கை உறுதிப்படும் என்று சொல்லிவிடுவது எளிது. எது உறுதிப்படும் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு புல்வெளியில் 16 இனங்கள் சம அளவில் வளர்கின்றன. ஒவ்வொன்றின் விளைச்சலும் ஆண்டுக்கு ஆண்டு சராசரியிலிருந்து 40 விழுக்காடு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் ஆட்டத்துக்கும் மற்றொன்றின் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்றால், 40-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுக்கலாம். மொத்த விளைச்சலின் ஆட்டம் வெறும் 10 விழுக்காடு. ஒன்று சரியும் ஆண்டில் இன்னொன்று தலைதூக்கி ஈடுகட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் கவிழும். எல்லா இனங்களும் வறட்சிக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி வாடினால் ஈடுகட்ட ஆளில்லை: இனங்களுக்கிடையே ஒட்டுறவுக்கெழு (சேர்ந்து ஆடும் அளவு; தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்க ஒன்றாக ஆடினால் 1) 0.5 இருந்தால், 1,000 இனங்களை விதைத்தாலும் ஆட்டம் 28 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. ஆழமாக வேர் விடுவதும் மேலோட்டமாக வேர் விடுவதும் கலந்திருப்பது அதனால்தான் வெறும் எண்ணிக்கையைவிட முக்கியம். இரண்டாவது, ஒரே இனம் 90 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற 15-ம் மிச்சத்தைப் பங்குபோடுவது. பட்டியலில் 16 இருக்கும். ஆட்டமோ 36 விழுக்காடு. கள ஆய்வுகளில் இனப் பட்டியலை மட்டும் நம்புகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சீடர் கிரீக் புல்வெளியில் 1987-88 வறட்சியின்போது இனம் குறைந்த பாத்திகளே அதிகம் அடிவாங்கின. ஆனால் அங்கே இனங்கள் குறைந்ததற்கே நைட்ரஜன் உரம்தான் காரணம். வறட்சியைத் தாங்காமல் போனதும் உரத்தால் இருக்கலாமே என்ற எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்பு. 1994-இல் சூழலியலாளர் டேவிட் டில்மன் குழு 9 மீட்டர் சதுரப் பாத்திகளில் 1, 2, 4, 8, 16 என இனங்களை விதைத்து, புதிதாக முளைத்தவற்றைப் பிடுங்கிப் பிடுங்கி அந்த எண்ணிக்கையைக் காத்தது. பத்தாண்டு அளவீட்டில், இனம் மிகுந்த பாத்திகளின் மொத்த விளைச்சல் நிதானமாக இருந்தது. அதே பாத்திகளில் தனித்தனி இனங்களோ கூடுதலாகத் தள்ளாடின.

1972-இல் கோட்பாட்டுச் சூழலியலாளர் ராபர்ட் மே போட்ட கணக்கு அஞ்சியதும் இந்தத் தள்ளாட்டத்தைத்தான். தற்போக்காக, அதாவது எந்த ஒழுங்குமின்றிப் பின்னிய உறவு வலையில் 100 இனங்கள் இருந்து, பத்தில் ஒரு பங்கு இணைகள் ஒன்றையொன்று பாதித்தால், பாதிப்பின் வலிமை (ஒவ்வோர் இனமும் தன்னைத்தானே கட்டுப்படுத்தும் வலிமையை 1 என்று கொண்டால்) 0.32-ஐத் தாண்டும்போது சமநிலை குலையும் என்றது அது. ஆனால் உண்மையான உணவு வலைகள் தற்போக்கானவை அல்ல; அவற்றில் பெரும்பாலான இணைப்புகள் மிகவும் பலவீனமானவை.