கேன்ஸ் போகிறீர்களா? மே மாதம் வேண்டாம்

சென்னையில் வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். தெற்கு பிரான்ஸ் போகலாமா என்று கேட்டு வருபவர்கள் கேன்ஸ் பெயரை எடுத்ததுமே, "அது சினிமாக்காரர்கள் ஊராச்சே, நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்பார்கள். கட்டுப்படியாகாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஊர் அல்ல, தேதி. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். கேன்ஸ் திரைப்பட விழாவும் மே மாதம். அந்த நாள்களில் சாதாரண அறைக்கே யானை விலை சொல்வார்கள்.

விழா முடிந்ததும் எல்லாம் இறங்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம். விழா நடக்கிற மண்டபத்தில் மார்ச்சில் ரியல் எஸ்டேட் சந்தை, ஜூனில் விளம்பரத் துறையின் கேன்ஸ் லயன்ஸ், அக்டோபரில் தொலைக்காட்சி நிகழ்ச்சிச் சந்தை என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். செப்டம்பரில் துறைமுகத்தில் படகுக் கண்காட்சி வேறு. டிக்கெட் போடுவதற்கு முன் ஊரின் நிகழ்ச்சி நாள்காட்டியை ஒருமுறை பாருங்கள். குடும்பங்களுக்கு நான் சொல்வது காலாண்டு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசி; படகுக் கண்காட்சி அதற்குள் முடிந்திருக்கும். கடல் அப்போதும் குளிக்கிற பதத்தில்தான் இருக்கும். தங்குவது நீஸ் நகரில். அங்கிருந்து கேன்ஸுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி, முக்கால் மணிதான். கட்டணம் பத்து யூரோவுக்குள். அந்த ரயிலில் பர்ஸ் மட்டும் பத்திரம்.

பேக்கேஜ் எடுப்பவர்கள் பயணத் திட்டத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். 'பானோரமிக் டூர்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பஸ்ஸை விட்டே இறங்க மாட்டீர்கள். 'போட்டோ ஸ்டாப்' என்றால் மண்டபத்தின் 24 படிகளுக்கு முன்னால் நின்று ஒரு படம், அவ்வளவுதான். விழா இல்லாத நாளில் அது வெறும் கான்கிரீட் கட்டடம்; உள்ளூர்க்காரர்களே அதைப் பதுங்குகுழி என்று கேலி செய்வார்கள்.

பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. 1834இல் இத்தாலிக்குக் கிளம்பிய பிரௌம் பிரபு என்ற பிரிட்டிஷ்காரரை, காலரா பயத்தில் எல்லையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வந்து தங்கிய மீன்பிடிக் கிராமம்தான் கேன்ஸ். அவர் இங்கேயே வீடு கட்ட, மற்ற பணக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். அந்தப் பழைய ஊர் இன்னும் லெ சுக்கே குன்றின் மேல் இருக்கிறது. ஏறிப் பார்க்கக் காசு வேண்டாம். நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல், கேன்ஸில்தான் மணல். சாய்வு நாற்காலி போட்ட தனியார் பகுதிகளைத் தாண்டிப் போனால் மண்டபத்துக்குப் பக்கத்திலும், மேற்கே மிதி கடற்கரையிலும் இலவசமாகவே குளிக்கலாம்.

ஒரு முழு நாளைத் தீவுகளுக்கு ஒதுக்குங்கள். பழைய துறைமுகத்திலிருந்து படகில் கால் மணி நேரம் போனால் சேன்ட் மார்கரித். பைன் மரங்களுக்கு நடுவே யூகலிப்டஸ் வாசனை வரும். ஊட்டி போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்குள்ள கோட்டையில்தான் இரும்பு முகமூடிக் கைதி என்று உலகம் பேசுகிற, யாரென்றே உறுதியாகத் தெரியாத மர்மக் கைதியை 1687 முதல் 1698 வரை அடைத்து வைத்திருந்தார்கள். அவருடைய அறைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். பக்கத்துத் தீவான சேன்ட் ஒனொராவில் ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கிய மடம் இருக்கிறது. துறவிகள் இன்றும் அங்கே திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிக்கிறார்கள். இரண்டு தீவுக்கும் படகு தனி, டிக்கெட்டும் தனி. ஒன்றிலிருந்து நேராக இன்னொன்றுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிஸலாதியேர் என்று வெங்காயம் பரப்பிய ஒரு பண்டம் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். அதன் மேல் நெத்திலி இருக்கும். பான் பான்யா சாண்ட்விச்சிலும் மீன் உண்டு. பயமில்லாமல் சாப்பிட சொக்கா இருக்கிறது. கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அகலத் தட்டில் சுட்டு, மிளகு தூவித் தருகிற அடை. உணவகத்தில் உட்கார்ந்தால் பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அப்புறம் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சில ஏஜென்டுகள் விசாவுக்கு மட்டும் டம்மி ஹோட்டல் புக்கிங் போட்டு, பிறகு ரத்து செய்துவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள்; அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கேன்ஸின் காய்கறிச் சந்தையான ஃபோர்வில் சந்தையில் திங்கட்கிழமை காய்கறி, பழம் எதுவும் கிடையாது, பழைய சாமான் கடைகள்தான். சந்தை பார்க்க ஆசைப்படுபவர்கள் திங்கட்கிழமையைத் தீவுக்கு வைத்துக்கொண்டு, வேறு நாள் காலையில் அங்கே போங்கள். மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள்.