விற்ற வண்டி சம்மனாகத் திரும்பி வரும்

வண்டியை விற்றுவிட்டு வருத்தப்படாத ஆள் எங்கள் பக்கம் அபூர்வம். கீழக்கரை நண்பர் ஒருவர் துபாய்க்குக் கிளம்பும் அவசரத்தில் தன் ஆர்.எக்ஸ். 100-ஐ ஒன்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டார். யமஹா அந்த வண்டியை நிறுத்தியது 1996-ல். இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று வேண்டுமென்றால் லட்சத்தில் பேசுகிறார்கள். ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது, தெருவில் டூ-ஸ்ட்ரோக் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் வண்டியாக இருக்காது. இருந்தாலும் பார்ப்பார்.

தனுஷ்கோடி வேன்காரர்கள் கதை வேறு. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப்போனவை அந்த வேன்கள்தாம். ரோடு வந்தது, வேனுக்கு வேலை போனது. தெரிந்தவர் ஒருவர் எடைக்குப் போட்டார். "மணல்ல அது மாதிரி எதுவும் ஏறாது சார்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த வருத்தங்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. நான் ராமநாதபுரத்தில் வாகன விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல். என் மேசைக்கு வரும் வருத்தத்துக்கு வழக்கு எண் இருக்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். கடலுக்குப் போகிறவர்கள் காகிதம் எதையும் பாலித்தீன் கவரில் சுற்றித்தான் வைத்திருப்பார்கள். அவரும் அப்படித்தான் சட்டைப்பைக்குள்ளிருந்து எடுத்தார். உள்ளே கோர்ட் சம்மன். உச்சிப்புளி தாண்டி ராமேஸ்வரம் ரோட்டில், விடியற்காலையில் மீன் ஏற்றிப் போன டிவிஎஸ் எக்ஸ்எல் மோதி, சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். ஓட்டியவன் முதல் எதிர்மனுதாரர், இவர் இரண்டாவது.

"நான் அந்த வண்டிய வித்து நாலு வருசம் ஆச்சு சார். அந்தப் பையன் மூஞ்சியக்கூட நான் பாத்தது இல்ல."

பொய் இல்லை. போட்டில் பங்குக்குப் போக ஆரம்பித்ததும் எக்ஸ்எல்லை மீன் வியாபாரி ஒருவருக்கு எட்டாயிரத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஐஸ் பெட்டி வைத்து வைத்து, உப்புத் தண்ணீர் ஒழுகி, கால் வைக்கிற தகடு ஓட்டையாகி, அதன்மேல் எண்ணெய் டின்னை வெட்டி அடித்திருந்த வண்டி. வாங்கியவர் ஆறே மாதத்தில் இன்னொருவருக்கு விற்றார். அவர் மூன்றாம் ஆளுக்கு. மூவரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகவில்லை. இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"எழுதி வாங்கியிருக்கீங்களாண்ணே?"

இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதியிருந்தார். சாட்சிக் கையெழுத்துகூட இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது உங்களைக் காப்பாற்றாது என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30): யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். யார் காசு கொடுத்தார், யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் வராது. தவணையில் எடுத்த வண்டிக்கும், பதிவு பெற்றவர் சிறுவராக இருப்பதற்கும் விதிவிலக்கு உண்டு; விற்றுவிட்டேன் என்பவருக்கு இல்லை. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அதுவும் கைக்குக் கை மாறிய காரைப் பற்றிய வழக்குதான். வண்டி யார் யாரிடம் போனது என்று அடிபட்டவர் குடும்பம் தேடி அலைய முடியாது, பதிவில் இருக்கும் பெயர்தான் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். நானும் பல வழக்குகளில் அந்தப் பக்கம் நின்று இதே தீர்ப்பைக் காட்டி வாதாடியிருக்கிறேன்.

ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 1988 அக்டோபரில் பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை தீவுக்குச் சாலைவழியே கிடையாது. வண்டிகள் குறைவு, எந்த வண்டி யாருடையது என்று ஊருக்கே தெரியும். மூன்று கை மாறினாலும் அது "போஸ்ட்மாஸ்டர் வீட்டு ஜீப்"தான். சட்டமும் அந்தக் காலத்துத் தீவுக்காரன் மாதிரி. முதல் பெயரை விடாது.

தங்கச்சிமடத்து அண்ணன் மேல் ஆறு லட்சத்துச் சொச்சத்துக்கு உத்தரவானது. தன்னிடம் வாங்கியவர்மேல் சிவில் வழக்குப் போட்டு அதை வசூலிக்க அவருக்கு வழி இருக்கிறது. அந்த இருபது ரூபாய் பத்திரம் அங்கேதான் உதவும். ஆனால் வாங்கியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த விபத்து நாளில் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்திருந்தால் பணத்தைக் கம்பெனி கட்டியிருக்கும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு வருடத்துக்கு 538 ரூபாய், 150 சிசி வரை 714 ரூபாய், வரி தனி. ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது, சிலர் சிரித்தாலும் சொல்வது: பெயர் மாறிவிட்டது என்று கண்ணால் பார்க்கும்வரை, விற்ற வண்டிக்கும் இன்சூரன்ஸை நீங்களே கட்டுங்கள்.

இனி காகிதம். விற்கிறவர் ஃபாரம் 29-ல் தகவல் கொடுக்க வேண்டும், அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள். வாங்குகிறவர் 30 நாளுக்குள் தன் பங்கைச் செய்ய வேண்டும். அது ஃபாரம் 30, அதில் இருவர் கையெழுத்தும் வரும். சட்டம் விற்கிறவருக்குத்தான் முதல் கெடு வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம் ஊர் வழக்கமோ தலைகீழ்: "அதெல்லாம் வாங்குறவன் பாத்துக்குவான்." பைனான்ஸில் எடுத்த வண்டியாக இருந்தால் கடன் முடிந்த சான்றும் எச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு) ரத்துக்கு ஃபாரம் 35-ம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அது முடியாமல் பெயர் மாறாது, பெயர் மாறாததற்கு வாங்கியவருக்கு நல்ல சாக்கும் கிடைத்துவிடும்.

வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொல்வேன். காலையில் விற்ற வண்டி சாயங்காலமே தேவிபட்டினம் ரோட்டில் மோதிய வழக்கு ஒன்று பார்த்திருக்கிறேன். வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அந்த மணிதான் கடைசியில் பேசியது.

எதையும் நிரப்பாத ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுப்பதைப் பற்றி என்ன சொல்ல. எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டீர்கள். இதில் மட்டும் போட்டுவிடுகிறீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. அனுமதிச் சான்று பெற வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை விட்டு, ஃபாரம் 29சி மூலம் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்து விற்கும்வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். கூச்சப்படாமல் சான்றைக் கேளுங்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அது இருக்காது. அவர் நல்ல மனுசராகவே இருக்கலாம்; சம்மன் உங்களுக்குத்தான் வரும்.

விபத்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரையில் ராத்திரி ஓடும் எல்லா வண்டியும் மீன் ஏற்றிப்போவதில்லை. இலங்கைக்குக் கடத்தும் பீடி இலையும் மஞ்சளும் படகுக்கு ஏற்றப்போய்ப் பிடிபடும் வண்டிகளின் பதிவு எண்ணைத் தட்டினால், என்றைக்கோ விற்றுவிட்டு மறந்துபோன ஒருவரின் பெயர் வருவதுண்டு. போலீஸ் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

எடைக்குப் போட்டவர்களுக்கும் ஒரு சேதி. வண்டி இனி ஓடாது என்றால் அதையும் 14 நாளுக்குள் அல்லது கூடிய சீக்கிரம் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி, ஆர்.சி.யைக் கொடுத்துவிட வேண்டும், பிரிவு 55. காயலான் கடையில் வண்டி உடைபடும், நம்பர் உடைபடாது. அந்த நம்பர் வேறு வண்டியில் ஏறி ஓடினால் மறுபடி நாம்தான் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்ன தனுஷ்கோடி வேன்காரர் ஆர்.சி.யை இன்னும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார், ஞாபகத்துக்காம். திட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு மனசு அதிகம் சங்கடப்படுவது இறந்தவர் பெயரில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது. பெரியபட்டினம் பக்கம் ஒரு வீடு. வாப்பா காலமாகி ஒன்றரை வருடம். முற்றத்துத் தென்னையடியில் அவருடைய அம்பாசடர், உறைபோட்டு நின்றது. மகன்கள் மூன்று பேரும் வெளிநாட்டில். உறை போட்டால் உப்புக்காற்று உள்ளே வராது என்று நினைப்பு. உண்மையில் ஈரம் உறைக்குள் தங்கி, கதவின் அடிவிளிம்பிலிருந்து துரு மேலே ஏறிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது. இரும்பை அரிக்கும் காற்றுக்குப் பாம்பன் பேர்போன இடம். அந்தக் காற்று அங்கேயே நின்றுவிடாது. லீவில் வந்த சின்ன மகன், "இதுக்கு மேல நின்னா மண்ணாப் போயிரும்" என்று ஒரு வாரத்தில் பேசி விற்றுவிட்டார். லாத்தாவிடம், அதாவது அக்காவிடம், சொல்லவில்லை.

லாத்தா என்னிடம் வந்தார். பணத்தில் பங்கு கேட்டு வரவில்லை. "பிரசவத்துக்கு என்னை ராமநாதபுரத்துக்கு அந்தக் கார்லதான் தம்பி வாப்பா கூட்டிட்டுப் போனாங்க. எனக்குக் கார்தான் வேணும்."

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஃபாரம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்படி மாற்றாமல், எல்லா வாரிசும் ஒப்புக்கொள்ளாமல் செய்த விற்பனை சட்டத்தில் நிற்காது. வாங்கியவருக்கு நோட்டீஸ் அனுப்பினோம். பதில் மதுரையிலிருந்து வந்தது: காரின் இன்ஜினும் கதவுகளும் தனித்தனியாகப் போய்விட்டன. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டதால் பாகங்களுக்கே நல்ல விலை. வழக்கில் ஜெயித்து என்ன வாங்கிக்கொடுக்க? 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்க வசதி இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பெயரில் வண்டி இருந்தால் இந்த வாரமே அந்த வேலையைப் பாருங்கள்.

இவ்வளவு உபதேசம் செய்கிறவன் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் 1996-ல் வாங்கிய சேட்டக் ஒன்று இருந்தது. ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, அதன்பிறகு உதைத்தால்தான் கிளம்பும். அவர் போனபின் 2009-ல், அடித்தகடு துருப்பிடித்துத் தரை தெரிய ஆரம்பித்ததும், ஒரு புரோக்கருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தேன். "பார்ட்ஸுக்குத்தான் சார் போகும், பேப்பரெல்லாம் வேணாம்" என்றார். கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்து அப்போதே மூன்று வருடம். தலையாட்டினேன்.

போன மாதம் வேறொரு கட்சிக்காரர் வண்டியைப் பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, கை தானாக அந்த டிஎன் 65 எண்ணைத் தட்டியது. ஸ்கூட்டர், பெட்ரோல், பதிவுக் காலம் 2011-ல் முடிவு. உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மட்டும், மற்றவை நட்சத்திரக் குறிகள். ஆனாலும் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப வண்டி இன்னும் நம்மளுதுதானாடா?"

பிரிவு 55-ல் கொடுக்க வேண்டிய கடிதத்தை அன்று ராத்திரியே எழுதிவிட்டேன். அது இன்னும் பையில்தான் இருக்கிறது.