எலும்பும் தோலுமாக வரும் பெரிய ரகக் குட்டியை ஏன் அவசரமாகத் தேற்றக் கூடாது?

காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வரும் பெரிய ரக நாய்க்குட்டி பல சமயம் விலா எலும்பு தெரியத்தான் வந்து சேரும். பார்க்கிறவர்களுக்கு உடனே தோன்றுவது, நன்றாகப் போட்டுத் தேற்றிவிட வேண்டும் என்பதுதான். தட்டு நிறையச் சாப்பாடு, கூடவே 'எலும்பு பலமாகட்டும்' என்று ஒரு கால்சியம் டானிக். டானிக் பெரிய தப்பு. தட்டு நிறைவதும் அவ்வளவு சரியில்லை.

முதலில் வளர்ச்சியின் வேகத்தைப் பார்ப்போம். சிறிய ரக நாய் பிறந்த எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு ஆனதும் நின்றுவிடும். மிகப் பெரிய ரகமான கிரேட் டேன் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிறந்து, ஒன்றரை வயதுக்குள் 50 கிலோவைத் தாண்டிவிடும். எந்த அளவுக்கு வளர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மரபணுக்கள் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. அவற்றில் முக்கியமானது ஐஜிஎஃப்-1 என்ற மரபணு; சிறிய ரக நாய்களுக்குப் பொதுவான ஒரு மாறுபாடு அதில் இருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அதிகமாகப் போட்டால் குட்டி இன்னும் உயரமாகிவிடாது. அதே உயரத்தைச் சீக்கிரம் எட்டும், அவ்வளவுதான். அந்தச் சீக்கிரத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

கால் எலும்பு ஒவ்வொன்றின் முனைக்கருகிலும் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. அதன் ஒரு பக்கத்தில் செல்கள் பிரிந்து பெருகி வரிசையாக அடுக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றும் ஊதிப் பெரிதாகி, எலும்பின் முனையைத் தள்ளும். எலும்பு நீளுவது இப்படித்தான். கடைசியில் அந்தச் செல்களைச் சுற்றிக் கால்சியம் படிந்து, ரத்தக் குழாய்கள் நுழைந்து, குருத்தெலும்பு இருந்த இடத்தில் அசல் எலும்பு உருவாகும். சிறிய நாய்களுக்கு இந்தத் தட்டுகள் ஏழெட்டு மாதத்தில் மூடத் தொடங்கிவிடும். பெரிய ரகங்களில் ஒரு வயது, மிகப் பெரிய ரகங்களில் ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதுவரை அந்தக் கால்களில் பலவீனமான இடம் இந்தத் தட்டுதான். எடை மட்டும் வேகமாக ஏறினால், இன்னும் எலும்பாகாத குருத்தெலும்பு தாங்க முடியாத பாரத்தைத் தாங்க வேண்டி வரும்.

பட்டினி கிடந்த குட்டிக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. உணவு குறைந்தால் வளர்ச்சித் தட்டு வேலையை மெதுவாக்கிக்கொள்ளும், அதே நேரம் மூடுவதையும் தள்ளிப்போடும். சாப்பாடு கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து வளர்ச்சி தொடரும். சில வாரப் பட்டினியால் குட்டி குட்டையாகிவிடும் என்று பதற வேண்டியதில்லை. ஆனால் உண்மையிலேயே நீண்ட நாள் பட்டினி கிடந்த குட்டிக்குத் திடீரென வயிறு நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட குட்டிக்கு முதல் சில நாள் கால்நடை மருத்துவர் சொல்கிற அளவில், சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, கால்சியத்துக்கு வருவோம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கேற்பக் கால்சியத்தை உள்ளே விடும். மிஞ்சியது மலத்தோடு போய்விடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு இந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. எவ்வளவு கொடுத்தாலும் அதில் பெரும் பங்கு ரத்தத்துக்குள் போய்விடும். ரத்தத்தில் கால்சியம் கூடியதும், எலும்பைக் கரைத்துத் திருத்தி அமைக்கும் செல்களை ஹார்மோன்கள் அடக்கிவிடுகின்றன. குருத்தெலும்பு எலும்பாக மாறுவதும் தடுமாறும். விளைவு: முன்னங்கால் வளைவது, தோளிலும் முழங்கையிலும் குருத்தெலும்பு பிளந்து கழன்று வருவது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

குறைந்தாலும் ஆபத்துதான். வெறும் இறைச்சியில் வளர்ந்த குட்டிக்குப் பாஸ்பரஸ் நிறையவும் கால்சியம் கொஞ்சமாகவும் கிடைக்கும். உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். சும்மா குதித்தாலே கால் முறியும். இதற்கும் மருந்து டானிக் அல்ல, பெரிய ரகக் குட்டிக்கென்று கணக்குப் பார்த்துத் தயாரித்த முழு உணவு. அமெரிக்காவில் தீவனத்துக்கான அளவுகோல்களை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, 32 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய நாய்களின் குட்டி உணவில் ஈரம் நீக்கிய எடையில் 1.2 முதல் 1.8 சதவீதம் வரை கால்சியம் இருக்கலாம் என்கிறது. அந்த உணவோடு தனியாகக் கால்சியம் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

அளவோடு கொடுப்பதன் பலன் குட்டிப் பருவத்தோடு முடிவதில்லை. 48 லாப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றில் பிறந்த ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுக் கோளாறும் குறைவு. ஒரே தாய்க்குப் பிறந்தவை என்பதால் எல்லாம் பரம்பரை என்று தள்ளிவிட முடியாது. கையால் தடவினால் விலா எளிதாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பெரிய ரகக் குட்டிக்கு இதுதான் சரியான உடல்வாகு. கொழுகொழுவென்று இருந்தால்தான் அழகு என்பவர்கள் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம்.

காப்பகக் குட்டியின் வயதோ இனமோ தெரியாமல் போவது சகஜம். வயதைப் பல் சொல்லிவிடும்: நாலு மாதத்தை ஒட்டி முன்பற்கள் விழுந்து முளைக்கும், ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். பாதத்தின் அளவை வைத்து, வளர்ந்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று சொல்வது குத்துமதிப்புதான்.

பல காப்பகங்கள் கருத்தடை செய்த பிறகே குட்டியைக் கொடுக்கும். வளர்ச்சித் தட்டை மூடச் சொல்வது பாலின ஹார்மோன்கள் என்பதால், அவை சீக்கிரம் நின்றுபோனால் தட்டு தாமதமாக மூடும், கால் சற்று நீளும். தெருவில் பெருகும் குட்டிகளை நினைத்தால் காப்பகங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வந்த குட்டியின் எடையில் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம் ஓட்டம், விளையாட்டு. நார்வேயில் நான்கு பெரிய ரகங்களில் நடந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வந்தது; மேடுபள்ளமான மெத்தென்ற தரையில் கயிறு இல்லாமல் இஷ்டம்போல் ஓடியவற்றுக்குக் குறைந்தது. அதனால் கூண்டில் அடைக்க வேண்டாம், படியில் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று மாதம் வரை தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம். அதற்குமேல் தூக்க நினைத்தாலும் முடியாது.