கன்று சப்பினால்தான் பால் சரியான வயிற்றுக்குப் போகும்

பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் கன்றைப் பார்த்தால் மனசு கேட்காது. வாயைப் பிளந்து மூங்கில் குழாயில் ஊற்றிவிடத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். பிறந்த கன்றுக்கு வேலை செய்வது நான்காவது அறைதான். பாலை உறைய வைத்துச் செரிக்கும் நொதி அங்கேதான் சுரக்கிறது. முதல் அறையான பெருவயிறு, தீவனம் தின்னப் பழகிய பிறகே வளரும். கன்று காம்பைச் சப்பியதும் மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை போகிறது. உணவுக்குழாய் முடியும் இடத்தில் தொடங்கும் ஒரு பள்ளத்தின் இரு ஓரங்களும் சுருண்டு சேர்ந்து குழாயாகின்றன. பால் பெருவயிற்றை விட்டு விலகி நேரே நான்காவது அறைக்கு இறங்குகிறது. சப்பாத கன்றுக்கு ஊற்றினால் இந்தப் பள்ளம் திறந்தே கிடக்கும். பெருவயிற்றில் பால் தேங்கிப் புளித்து, அமிலம் கூடி, வயிறு உப்பி, இருந்த கொஞ்சம் பசியும் போய்விடும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

சரி, ஏன் சப்பவில்லை? சுத்தமான விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் குளிரில் விறைத்திருக்கிறது. கன்றின் உடல் வெப்பம் சுமார் 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சாக்கால் தேய்த்துச் சூடேற்றிய பிறகுதான் பால். கண் குழி விழுந்து, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகத் திரும்புகிறதா? உடம்பில் நீர் வற்றிவிட்டது. கழிச்சலில் ரத்தத்தில் அமிலம் கூடினால் சப்பும் உணர்வே மங்கிவிடும். இதற்குப் புட்டி உதவாது. கால்நடை மருத்துவர் ரத்தக் குழாயில் ஏற்றும், அமிலத்தைத் தணிக்கும் திரவம்தான் வழி.

விரலைச் சப்புகிறது என்றால் கவலை பாதி தீர்ந்தது. விரல் உள்ளே இருக்கும்போதே ரப்பர் காம்பை நுழைத்து விரலை மெல்ல உருவுங்கள். பால் உடல் சூட்டிலேயே இருக்கட்டும். புட்டியைத் தாய் மடியின் உயரத்தில் பிடியுங்கள். தலையை அண்ணாக்கத் தூக்கினால் புரையேறும். காம்பின் ஓட்டையைப் பெரிதாக்குவது பலர் செய்யும் வேலை, அது தவறு. கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது.

பிறந்த அன்று மட்டும் காத்திருக்க நேரமில்லை. மாட்டின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வருகின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. அதற்குள் சப்பவில்லை என்றால் மருத்துவரை அழைத்து, இரைப்பைக் குழாய் வழியே கொடுக்கச் சொல்லுங்கள். பெருவயிற்றில் விழுந்தாலும் அந்தச் சிறிய அறை நிரம்பி, சீம்பால் அடுத்த அறைகளுக்கு வழிந்துவிடும்.