53 நாள்களில் ஒட்டிய எலும்பு

2002 ஏப்ரல் 10 இரவு, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம். ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களின் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஸ்பெயினின் டெப்போர்ட்டிவோ அணி வீரர் ஆல்டோ டூஷர் பந்துக்காகப் பாய்ந்தார். அவர் கால்கள் மான்செஸ்டர் யுனைடெட் வீரரும் இங்கிலாந்து அணித் தலைவருமான டேவிட் பெக்காமின் இடது பாதத்தில் மோதின. இரண்டாவது மெட்டாடார்சல் எலும்பு முறிந்தது. ஜப்பானில் இங்கிலாந்தின் முதல் உலகக் கோப்பை ஆட்டம் ஜூன் 2 அன்று. இடையில் 53 நாள்கள்.

மருத்துவப் புத்தகங்களில் மட்டும் கிடந்த 'மெட்டாடார்சல்' என்ற சொல் சில நாள்களிலேயே இங்கிலாந்தில் எல்லோர் வாயிலும் புகுந்தது. ஒரு நாளிதழ் பெக்காமின் பாதத்தைப் படமாக அச்சிட்டு, வாசகர்கள் அதன்மேல் கைவைத்து வேண்டிக்கொள்ளும்படி கேட்டது. அந்த வேண்டுதலைவிட, அதே நாள்களில் தோலுக்கடியில் நடந்துகொண்டிருந்த வேலைதான் எனக்குப் பெரும் வியப்பு.

கணுக்காலுக்கும் விரல்களுக்கும் நடுவே பாதத்தில் ஐந்து நீண்ட எலும்புகள் இருக்கின்றன. இவையே மெட்டாடார்சல்கள். கட்டைவிரல் பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது எலும்பின் அடிப்பகுதி, பின்னாலுள்ள எலும்புகளுக்கு இடையில் ஆப்புபோல் இறுகியிருக்கும். பக்கத்து எலும்புகள் சற்று அசைந்துகொடுக்கும், இது கொடுக்காது. ஓடும்போது பாதம் தரையை உந்தித் தள்ள இந்த உறுதி உதவுகிறது. பலமான அடி விழும்போது அதே உறுதி பாதகமாகிறது.

எலும்பு முறியும்போது அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் அறுபடுகின்றன. கசிந்த ரத்தம் முறிந்த முனைகளைச் சூழ்ந்து உறைகிறது. பாதம் வீங்குகிறது. வீக்கத்தை நாம் பகையாகவே பார்க்கிறோம். ஆனால் அந்த ரத்தக்கட்டியிலிருந்து கிளம்பும் வேதிச் சமிக்ஞைகள்தான் பழுதுபார்க்கும் செல்களை அங்கே வரவழைக்கின்றன. முதலில் வருபவை இறந்த செல்களையும் சிதறிய துணுக்குகளையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அதன் பிறகே கட்டுமானம்.

அந்தக் கட்டுமானம் நேரடியாக எலும்பில் தொடங்குவதில்லை. குழாய்கள் அறுந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவு; எலும்பை உருவாக்கும் செல்கள் அங்கே பிழைக்காது. குருத்தெலும்புச் செல்களோ குறைந்த ஆக்சிஜனிலும் வாழும். ஆகவே உடல் முதலில் குருத்தெலும்பாலும் நாராலும் ஒரு சாரம் கட்டுகிறது. இதற்கே இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. புதிய ரத்தக்குழாய்கள் இந்தச் சாரத்துக்குள் நுழைந்த பிறகு எலும்பாக்கும் செல்கள் குடியேறுகின்றன, கால்சியம் படிகிறது, முறிந்த இடத்தைச் சுற்றிக் கரும்பின் கணுபோல ஒரு புடைப்பு எழுகிறது. மருத்துவர்கள் இதைக் 'கேலஸ்' என்கிறார்கள். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எனவே மூன்றாவது வாரத்தில் எடுக்கும் படத்தில் பெரும்பாலும் வெறும் இடைவெளிதான் தெரியும். நாடே காத்திருக்கும்போது அந்தப் படத்தைக் கையில் பிடித்து நிற்கும் மருத்துவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இந்த வரிசையில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. முழு ஓய்வும் தீர்வு அல்ல. எலும்பு தன்மேல் விழும் சுமையை உணரும். சுமை விழும் திசையில்தான் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். சீக்கிரமே பாரம் ஏற்றினால் மென்மையான சாரம் உடையும். பாரமே இல்லாவிட்டால் எலும்பு இளைக்கும். அதற்குள் கெண்டைக்கால் தசையும் மெலியத் தொடங்கிவிடும். அதனால்தான் வீரர்களைத் தண்ணீருக்குள் ஓடவிடுகிறார்கள். உடலின் எடையில் பெரும்பகுதியை நீர் தாங்கிக்கொள்கிறது. வலி குறைந்துவிட்டதே என்று களத்தில் இறங்குவது ஆபத்து. எலும்பு முழு வலிமை பெறுவதற்கு வெகுமுன்பே வலி போய்விடும். ஊசி போட்டு வலியை மரக்கச் செய்வது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றுவதற்குச் சமம் என்பதே என் கருத்து.

பெக்காம் ஜூன் 2 அன்று ஸ்வீடனுக்கு எதிராகக் களமிறங்கினார். 63ஆவது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். ஜூன் 7 அன்று சப்போரோவில் அர்ஜென்டினாவுக்கு எதிரான ஒரே கோலை பெனால்டியில் அவரே அடித்தார். ஜூன் 21, பிரேசிலுடன் காலிறுதி. முதல் பாதி முடியும் தறுவாயில், பக்கக்கோட்டருகே எதிராளிகள் சறுக்கி வந்தபோது பெக்காம் துள்ளி விலகினார். அதைத் தொடர்ந்த தாக்குதலில் ரிவால்டோ கோல் அடித்தார். காலைக் காப்பாற்றத்தான் துள்ளினார் என்று பலர் குறை சொன்னார்கள். அப்படியே இருந்தாலும், பத்து வாரங்களுக்கு முன் அதே பாதத்தில் அப்படியொரு அடி வாங்கிய மனிதரைக் கோழை என்பது அநியாயம்.

2006இல் இங்கிலாந்து வீரர் வெய்ன் ரூனிக்கும் இதே கதைதான். ஏப்ரல் 29 அன்று வலது பாதத்தின் நான்காவது மெட்டாடார்சல் முறிந்தது. 47ஆம் நாள் மாற்று வீரராக வந்தார். அந்த உலகக் கோப்பையில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

ஐந்தாவது மெட்டாடார்சல் வேறு ரகம். சுண்டுவிரலுக்குப் பின்னால், பாதத்தின் வெளிவிளிம்பில் இருக்கும் இந்த எலும்பின் அடிப்பகுதியை ஒட்டி ஒரு சிறு பகுதி உண்டு. இரு திசைகளிலிருந்தும் வரும் ரத்தக்குழாய்கள் அங்கே வந்து மெலிந்து முடிகின்றன. கால்வாய் நீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் கடைமடை வயலைப் போன்றது அந்த இடம். அங்கே முறிந்தால் சாரம் கட்டவே ஆள் வந்து சேர்வது தாமதம். அதனால் விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் எலும்பின் நீளவாக்கில் ஒரு திருகாணியைச் செலுத்திப் பூட்டிவிடுகிறார்கள். 2018 பிப்ரவரி 25 அன்று பிரேசில் வீரர் நெய்மாருக்கு முறிந்தது வலது பாதத்தின் ஐந்தாவது எலும்பு. மார்ச் தொடக்கத்தில் பிரேசிலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் 3 அன்று லிவர்பூலில் குரோஷியாவுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் வந்து கோல் அடித்தார். முறிந்த நாளிலிருந்து சரியாக 14 வாரங்கள். 2019 ஜனவரியில் அதே பாதத்தின் அதே எலும்பில் மீண்டும் காயம்.

எலும்பாவது தழும்பின்றி எலும்பாகவே மீள்கிறது. முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் ஏசிஎல் நாருக்கு அந்த வாய்ப்பும் அரிது. மூட்டுக்குள் இருக்கும் திரவம் ரத்தக்கட்டியை நிலைக்க விடுவதில்லை; கட்டி இல்லாவிட்டால் அழைப்பு இல்லை, சாரமும் இல்லை. அதனால் வீரரின் உடலிலிருந்தே வேறொரு நாரை எடுத்துப் பொருத்துகிறார்கள். பொருத்திய நார் முதல் சில மாதங்களில் பலவீனமடைந்து, புதிய ரத்தக்குழாய்கள் ஊடுருவிய பிறகே மெல்ல வலுக்கிறது. வீரருக்கோ அந்த மாதங்களில் முழங்கால் தேறிவருவதாகவே தோன்றும். களத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒன்பது மாதங்களாவது வேண்டும்.

கொலம்பியாவின் ராடமெல் ஃபால்காவோவுக்கு 2014 ஜனவரி 22 அன்று இடது முழங்காலில் அந்த நார் அறுந்தது. 16 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நாடு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. முதற்கட்டப் பட்டியலில் பெயர் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் வெளியான இறுதிப் பட்டியலில் இல்லை. 2018 ஜூன் 24 அன்று ரஷ்யாவின் கசான் நகரில் போலந்துக்கு எதிராக அவர் தன் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தார். அப்போது அவருக்கு வயது 32.